பாஷாணம் காப்பாற்றிய முகம்

உங்கள் முகம் உங்களுக்கே தெரியாமல் ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமாகிவிட்டது என்று ஒருவன் வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? ‘எவனோ செய்த அயோக்கியத்தனத்துக்கு நான் என்ன செய்ய முடியும்’ என்று அந்த முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு காபி குடிக்கப் போவீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். அயனம்பாக்கம் சரசா அப்படிப் போகவில்லை.

சரசாவுக்கு நாற்பத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சுலைமான் பாய் நடத்தும் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. இயந்திரம் பேனரை அச்சடித்துத் துப்பத் துப்ப, அவள் ஓரங்களை வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டி, கயிறு கட்டுவதற்கு நான்கு மூலையிலும் வளையம் அடிப்பாள். மஞ்சள் நீராட்டு, காதணி விழா, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் சரசாவுக்குத் தெரிந்துவிடும். “செத்தவன் ஊட்டுக்குப் போறதுக்கு முந்தி அவன் மூக்குமேல முழங்கால வெச்சிகினு வளையம் அட்ச்சவ நான்” என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள் அவள் பல் விளக்கும்போது ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவில்லை. கையிலும் தொடையிலும் கருநீலத் திட்டுகள். வளையம் அடிக்கும் கருவி பட்ட கன்றல் என்று நினைத்தாள். திட்டுகள் முதுகிலும் வந்தபோது, முதுகில் யாரும் வளையம் அடிப்பதில்லை என்பது உறைத்தது. கணவர் அப்பாவு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினார்.

ரத்தப் புற்று. அதிலும் நாள்பட்டது அல்ல, திடீரென்று பாய்வது. டாக்டர் மோகனப்பிரியா, சரசாவின் மகளாக இருக்கக்கூடிய வயதுக்காரி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

“ஒங்க ரத்தத்துல ஒரு செல் இருக்கும்மா. வளரவும் மாட்டேங்குது, சாகவும் மாட்டேங்குது. பச்சையாவே நின்னு பெருகிட்டே இருக்கு. எல்லா செல்லுக்கும் உள்ள ‘போதும், செத்துப் போ’ன்னு ஒரு கட்டளை இருக்கும். இதுல ரெண்டு மரபணுத் துண்டு தப்பா ஒட்டிக்கிட்டு, ஒரு கோணல் புரதம் உருவாகி, அந்தக் கட்டளைய மறிச்சுக்கிட்டு நிக்குது.”

“அப்போ வெட்டி எட்த்துட முடியாதா?”

“ரத்தத்த எங்க வெட்டுறது? அந்தப் புரதத்த மட்டும் தேடிப் போய் ஒடைக்கிற மருந்து இருக்கு. அது ஒடைஞ்சா செல் வளரும், வயசாகும், தானா செத்துடும்.”

“இன்னா மருந்து?”

“ஒண்ணு மாத்திரை. வைட்டமின் ஏ-வுக்குச் சொந்தக்காரன். இன்னொண்ணு ஆர்சனிக். சொட்டுச் சொட்டா ஏத்துவோம்.” கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னாள். “தமிழ்ல சொன்னா பாஷாணம்.”

சரசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எலிக்கு வெப்பாங்களே, அதுவா?”

“அதேதான். சுத்தம் பண்ணி, அளந்து, ஒங்க இதயம் தாங்குதான்னு ஈசிஜி எடுத்துப் பாத்துப் பாத்து ஏத்துவோம். ஆரம்ப வாரங்கள் கண்டம். அதத் தாண்டி, மருந்த முழுசா முடிச்சவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேர் பொழச்சுக்கிறாங்க. முழுசா முடிச்சவங்க.” அந்தச் சொல்லை அவள் இரண்டு முறை சொன்னதைச் சரசா கவனித்தாள்.

அந்த வாரங்களில் சரசா பட்டதை இங்கே விரிக்கப் போவதில்லை. உடம்பு ஊதியது, மூச்சு வாங்கியது, யார் யாரோ கொடுத்த ரத்தத் தட்டணுக்கள் அவளுக்குள் போயின. பிழைத்தாள். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் கெட்ட செல் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. “இப்பதான் பாதி வழி” என்றாள் டாக்டர். நான்கு வாரம் ஊசி, நான்கு வாரம் ஓய்வு என்று மாதக்கணக்கில் போக வேண்டும். ஒளிந்திருக்கும் கடைசிச் செல்வரை சாக வேண்டும்.

அந்த ஓய்வு வாரங்கள்தான் ஒரு கூட்டத்துக்கு அறுவடைக் காலம்.

திருமுல்லைவாயல் பக்கம் அருள்மூலிகை நிலையம் வைத்திருக்கும் இராமகிருஷ்ணன் சித்த மருத்துவம் படித்தவன் அல்ல. எந்த மருத்துவமும் படித்தவன் அல்ல. அவனுக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். துடிக்கிற நோயாளியைத் தொடமாட்டான். துடிப்பு அடங்கி நடமாடுகிறவனைத்தான் பிடிப்பான். நன்றாக இருப்பவனுக்குக் கஷாயம் கொடுத்தால் மறுநாளும் அவன் நன்றாகத்தானே இருப்பான்? பெயர் கஷாயத்துக்கு. ஆறு மாதம் கழித்து நோய் திரும்பினால் பழி விதிக்கு.

அப்பாவுவின் தங்கை கெங்கம்மாள் அவன் பக்தை. அண்ணி பிழைக்க வேண்டும் என்ற உண்மையான பாசத்தில் ஒரு பாட்டில் கஷாயம் கொண்டுவந்து ஊற்றினாள். சரசா மூன்று வேளை குடித்தாள். மூன்று வேளையும் வாந்தி. மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அடுத்த ஊசிக்குப் போனாள். மருந்து முழுவதையும் முடித்தாள்.

முடித்த மறுவாரம் கெங்கம்மாள் அந்த இராமகிருஷ்ணனையே பழத்தட்டோடு வீட்டுக்கு அழைத்துவந்தாள். வீடு தேடி வந்த மனிதனை எழுந்து கும்பிடுவது நம் வீடுகளில் யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகக் குவிந்துவிடும். ஊதி வற்றிய உடம்போடு சரசா எழுந்து நின்று கைகூப்பினாள். கெங்கம்மாள் ஃபோனில் படம் எடுத்தாள்.

சரசா மறுபடி வேலைக்குப் போன முதல் வாரம், இயந்திரத்திலிருந்து ஒரு பேனர் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மஞ்சள் எழுத்து: ‘பாஷாண ஊசி வேண்டாம்! இரத்தப் புற்றை வென்ற தாய்!’ அப்புறம் ஒரு நெற்றி. அப்புறம் கண்கள். சரசா கத்திரியைக் கீழே வைத்தாள்.

“இன்னா பாய் இது? இது என் மூஞ்சி!”

சுலைமான் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “அட ஆமாம்மா! கம்ப்யூட்டர் பையன் டிசைன் போட்டான், நான் பாக்கல. சரி, வார்டு எலெக்‌ஷன்ல நிக்கிறியோன்னு நெனச்சுக்குவானுங்க.”

“வெளாடாதீங்க பாய். நான் அந்தாளு மருந்துல பொழைக்கல.”

“ஆர்டர் பத்து பேனர்மா. ஒம்போது போயிடுச்சு. இது கடைசி.”

அன்று மாலையே சரசா திருமுல்லைவாயல் போனாள். நிலையத்து வாசலில் வரிசை. இராமகிருஷ்ணன் அவளைப் பார்த்ததும் வரிசைக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினான். “வா தாயே! இதோ, பேனர்ல இருக்குற அம்மாவே நேர்ல வந்துட்டாங்க!”

“என் படத்த எட்த்துடு. என்னக் காப்பாத்துனது ஆஸ்பத்திரி.”

“ஊசி சும்மா சாட்சிக்குத்தான் தாயே. உள்ள வேல செஞ்சது நம்ம கஷாயம்.”

“மூணு வேள குட்ச்சேன். மூணு வேளையும் வாந்தி எட்த்தேன்!”

“அந்த வாந்தியிலதானே நோய் வெளிய போச்சு!”

வரிசை கொல்லென்று சிரித்தது. பொய்யனோடு வாதிடுகிறவனுக்குள்ள சங்கடம் இதுதான்: உண்மைக்கு ஒரே ஒரு வாய், பொய்க்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் வாய். காவல் நிலையத்தில் கேட்டபோது, “உங்க நாத்தனார்தானேம்மா படம் குடுத்தது? குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்குங்க” என்றார்கள். புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே இந்த நாட்டில் குற்றம். 1954ஆம் ஆண்டிலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை அன்று யாரும் அங்கே திறந்து பார்க்கவில்லை.

“உடு சரசா” என்றார் அப்பாவு. “தங்கச்சி மனசு நோவும். மூஞ்சி தேஞ்சா பூடும்?”

சரசா விட்டுவிட்டாள். பத்தாவது பேனரும் போய்த் தொங்கியது.

மாதங்கள் ஓடின. ஒரு காலை, கடை திறந்த கையோடு ஓர் ஆள் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தாடி, கசங்கிய சட்டை, கையில் ஒரு பெண்ணின் கல்யாணப் புகைப்படம். கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்றான். பேர் அஸ்வின், ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பு, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இறந்தவள் அவன் மனைவி ஷோபனா.

சாவு பேனர் என்றால் கடையில் மற்ற வேலை எல்லாம் நின்றுவிடும். சரசா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் நிமிர்ந்தான். தம்ளரை வாங்காமல் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

“நீங்க... அந்த பேனர்ல இருக்க அம்மால்லா?”

சரசா தம்ளரைக் கீழே வைத்தாள். “ஒன் சம்சாரத்துக்கு இன்னா சீக்குப்பா?”

“ஒங்களுக்கு வந்ததுதான். அதே ஊசி. பாதி முடிஞ்சு நல்லாத்தான் இருந்தா. கடைக்கு நடந்து போய்ட்டு வருவா. அப்பதான் எங்க கேட்டு பக்கத்துல ஒங்க பேனரப் பாத்தா. ‘ஏங்க, அந்த அம்மா பாஷாணம் ஏத்தாமலே பொழச்சிருக்காங்க, நான் மட்டும் எதுக்கு வெசத்த ஏத்திக்கணும்’னா. நானும் சரின்னுட்டேன்.” அவன் குரல் உடையவில்லை, காய்ந்து கிடந்தது. “முந்தாநாள் தலை வலிக்குதுன்னா. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. நீங்க நல்லா இருக்கீங்க. அவளுக்கு மட்டும் ஏன் கஷாயம் கேக்கல?”

சரசா அவன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் பாஷாணம் ஏத்திக்கினேன்பா. கடைசி சொட்டு வரைக்கும் ஏத்திக்கினேன். கஷாயம் சாக்கடைக்குப் போச்சு.”

அவன் அவளை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் அடிக்கவில்லை. புரிந்துகொள்ள முயல்கிறவனைப் போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அழுகை வரும் என்று சரசா காத்திருந்தாள். வரவில்லை. வந்தது வேறு. அந்த இராமகிருஷ்ணன் ஈறில் ரத்தம் வழிய, அவள் கிடந்த அதே கட்டிலில் கிடக்க வேண்டும். ஊசி போட வருகிற நர்ஸைப் பார்த்து அவள் ‘வேண்டாம், வாந்தியில் போய்விடும்’ என்று சொல்ல வேண்டும். நெடுநேரம் அந்தக் காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். இனித்தது. ஆனால் இனித்துக்கொண்டு இருக்க நேரமில்லை. பத்து பேனர்கள் இன்னும் தொங்குகின்றன. இந்த நிமிடம் எவளோ ஒருத்தி அவற்றுள் ஒன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவற்றைக் கிழித்தால் அவன் இருபது அடிப்பான். எதிர்ப் பேனர் வைத்தால் அவன் ஆட்கள் கிழித்துப் போடுவார்கள். இந்த ஊரில் கிழிபடாத பேனர் எது? ஆயிரக்கணக்கில் வளையம் அடித்தவளுக்கு விடை கையிலேயே இருந்தது. கட்சிக்காரன் கட்சிக்காரன் பேனரைக் கிழிப்பான். பங்காளி பங்காளியின் கல்யாண பேனரைக் கிழிப்பான். கண்ணீர் அஞ்சலியை மட்டும் கருமாதி முடிகிறவரை எவனும் தொடமாட்டான். செத்தவர் கோபம் கையில் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். மூடநம்பிக்கைதான். இராமகிருஷ்ணன் வயிறு வளர்த்தது இதே பயத்தின் உடன்பிறப்புகளை வைத்துத்தான். அவன் ஆயுதத்தால் அவனையே குத்தினால் என்ன?

கண்ணீர் அஞ்சலி பேனரின் அடியில் ‘துயரில் பங்குகொள்வோர்’ என்று கைகூப்பிய முகங்கள் வரிசையாக இருக்கும். சரசாவிடம் கைகூப்பிய படம் ஒன்று தயாராக இருந்தது. பத்து பேனரில் நன்றி சொன்ன அதே படம்.

“தம்பி,” என்றாள் அஸ்வினிடம், “ஒன் பேனர்ல என் மூஞ்சியும் போடட்டா? அவன் பேரும் போடட்டா?”

அவன் கல்யாணப் புகைப்படத்தை அவளிடம் நீட்டினான். பிறகு, “பேர பெருசா போடுங்க” என்றான்.

சுலைமான் பாய் கையைப் பிசைந்தார். “அந்தாளு நம்ம கஸ்டமர்மா. நாளைக்கு கடைமேல கல்லு வுழும்.”

“என் மூஞ்சிய அட்ச்சப்போ என்னக் கேட்டீங்களா பாய்?”

பாய் எழுந்து போய் இயந்திரத்தைப் போட்டார். அன்று வளையங்களையும் அவரே அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அருள்மூலிகை நிலையத்தில் கூட்டம் அதிகம். காலையில் இராமகிருஷ்ணன் கதவைத் திறந்தபோது எதிர்ப்புற மின்கம்பங்களுக்கு நடுவே ஷோபனா கல்யாணப் புடவையில் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுத்து:

‘கண்ணீர் அஞ்சலி. ஆஸ்பத்திரி மருந்தைப் பாதியில் நிறுத்தியதால் இறந்தாள். நிறுத்தச் சொன்னவர் அருள்மூலிகை நிலையம் இராமகிருஷ்ணன். என் படத்தைக் காட்டி ஏமாற்றினார். நான் பிழைத்தது அந்தப் பாஷாண ஊசியால்தான். துயரில் பங்குகொள்ளும் சரசா.’ அதன் கீழ் அவள் கைபேசி எண்.

பேனருக்கு அடியில் சரசாவே நின்றாள். பக்கத்தில் அஸ்வின். இராமகிருஷ்ணனின் பத்து பேனர் தொங்கிய பத்து இடத்திலும் அதே போல் ஒன்று.

இராமகிருஷ்ணன் முகம் கறுத்தது. தன் கார் ஓட்டும் லோகேஷைக் கூப்பிட்டான். “டேய், அத்த அவுத்துப் போடுடா.”

லோகேஷ் பேனர் வரைக்கும் போனான். ஷோபனாவை நிமிர்ந்து பார்த்தான். திரும்பி வந்தான். “அண்ணாத்தே, வேற எதுனா சொல்லு. சாவு பேனர்ல கை வெக்க மாட்டேன். ஊட்ல புள்ளத்தாச்சி கீறா.”

“சோறு போடுறவன் சொல்றேன்டா!”

“நீதானே போன வெள்ளிக்கெழம சொன்ன? பொணத்துக்கு செஞ்ச பாவம் ஏழு தலைமொறைக்கு வுடாதுன்னு?”

வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு வேறு திசையில் போனது. இராமகிருஷ்ணனே ஆத்திரத்தோடு தெருவைக் கடந்து வந்து கயிற்றில் கை வைத்தான். “ஐயோ, தொடாதீங்க சாமி!” என்று அவனுடைய பக்தைகளே அலறினார்கள். கை கீழே இறங்கியது.

ஆனால் அவன் லேசுப்பட்டவன் அல்ல. முகத்தை உடனே சோகமாக்கிக்கொண்டான். உள்ளே சாமி படத்துக்குக் கிடந்த மாலையை எடுத்துவரச் சொன்னான். “பாவம், நம்ம பொண்ணு. நானும் அஞ்சலி செலுத்துறேன்.”

சரசா குறுக்கே வந்து நின்றாள். “போடு. தாராளமா போடு. ஆனா மொதல்ல இதோ நிக்கிறான் பாரு, அவ புருஷன், அவன் மூஞ்சியப் பாத்து சொல்லு. நீ எதக் குடுத்த, எத நிறுத்தச் சொன்ன, சொல்லிட்டு அப்பால போடு.”

அஸ்வின் அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றான். பார்த்தான்.

“விதி முடிஞ்சா நான் இன்னா பண்ணுவேன்?” என்றான் இராமகிருஷ்ணன். “இந்த அம்மா பொழச்சாங்களே, அது நம்ம கஷாயம்தானே? நாத்தனாரே சாட்சி. எங்க கெங்கம்மா?”

வரிசையின் நடுவில் கெங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள், கையில் காலி பாட்டிலோடு. எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் ஷோபனாவின் படத்தைப் பார்த்தாள். அண்ணியைப் பார்க்கவில்லை.

“வாந்தி எட்த்தாங்க சாமி” என்றாள் மெதுவாக. “நான்தான் வாளி புடிச்சேன். உள்ள ஒரு சொட்டுகூட தங்கல. நீங்க கேட்டீங்கன்னுதான் படத்தக் குடுத்தேன்...” மேலே சொல்லாமல் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு வரிசையை விட்டு விலகினாள்.

யாரும் அவனை அடிக்கவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை. வரிசை கரைந்தது, ஒருத்தர் ஃபோன் வந்ததுபோல் நகர்ந்தார், ஒருத்தர் பேருந்தைப் பிடிப்பவர்போல் நடந்தார். மாலையைக் கையில் பிடித்தபடி அவன் மட்டும் நடுத்தெருவில் நின்றான். அந்தக் காட்சியைச் சரசா கண் இமைக்காமல் பார்த்தாள்.

சாயங்காலம் அவள் கைபேசி ஒலித்தது. சுதா என்று ஒரு பெண், கொரட்டூர்.

“அக்கா, பேனர்ல நம்பர் பாத்தேன். எங்க வூட்டுக்காரர் தினகரனுக்கும் அதே சீக்கு. ஊசிக்குப் போய் பத்து நாளாவுது, போகமாட்டேன்றாரு. நெசமாவே நீங்க பாஷாணம்தான் ஏத்திக்கினீங்களா?”

“அவரண்ட ஃபோனக் குடு” என்றாள் சரசா.

என்ன சொன்னாள் என்பதைக் கேட்ட அப்பாவு, அத்தனை வசவுகள் தன் மனைவிக்குத் தெரியும் என்பது தனக்கு அன்றுதான் தெரியும் என்கிறார். மறுநாள் காலையில் தினகரன் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் பிழைப்பாரா என்பதை இனி மஜ்ஜைதான் சொல்ல வேண்டும். விட்டுப்போன நாட்களின் விலை யாருக்கும் தெரியாது என்றாள் டாக்டர்.

அருள்மூலிகை நிலையம் பூட்டப்பட்டது. இந்த முறை அஸ்வின் சட்டத்தின் பெயரையும் எழுதிப் புகார் கொடுத்திருக்கிறான். அது எங்கோ ஒரு மேசையில் ஊறிக்கொண்டிருக்கிறது. நியாயம் கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் சரசா காறித் துப்புவாள். “அவன் கடதான் செத்துது. அவன் சாவல.” உண்மை. பூந்தமல்லியில் புதுப் பெயரில் புதுப் பேனர் முளைத்திருக்கிறது. அதில் ஒரு நடுத்தர வயது ஆள் கைகூப்பிச் சிரிக்கிறார். ஞாயிறுதோறும் சரசா அயனம்பாக்கத்திலிருந்து பேருந்து பிடித்துப் போய், அந்த முகத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டுகிறாள். இன்னும் ஆள் அகப்படவில்லை.

அவள் ஒருத்தி. பேனர்கள் ஊரெங்கும். உங்கள் தெருமுனையிலும் ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள். அதில் சிரிக்கிற முகம் உங்கள் அத்தையாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ, உங்களோடு வேலை செய்கிறவராகவோ இருக்கலாம். அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உண்மையில் எந்த மருந்தைச் சாப்பிட்டுப் பிழைத்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அந்தப் பேனருக்குக் கீழேயே நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.